தீவகத்துப் பாட்டும் சுயாதீன இசைக்குழுக்களும்

பாட்டு எத்துணைப் பழமையுடையதோ, பாட்டைப் பற்றிய கருத்து வேறுபாடும் அத்துணைப் பழமையுடையது. ஒருவர் செவிக்குத் தேனாய் இனிப்பது மற்றொருவர் செவிக்கு வேம்பாய்க் கசக்கின்றது. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகிற்கும் நயினாதீவுப் படகிற்கும் காத்திருப்போரிடையே இவ்வேறுபாட்டை இன்றுங் காணலாம். மேனாட்டுச் சுயாதீன ரொக் குழுவொன்றின் பாட்டை இளைஞர் தம் கைத்தொலைபேசியிற் கேட்டுத் தலையசைக்கின்றனர். பக்கத்தில் அமர்ந்திருக்கும் முதியவரோ, "இதென்ன பாட்டு, தம்பி? பாடுறவர் கொஞ்சம் வாயைத் திறந்து பாடினால் என்ன?" என்று வினவுகின்றார். அவ்வினாவை நகைத்துத் தள்ளுதல் எளிது. ஆயினும், பாட்டுக் கட்டுதல், குரலைப் பதிவு செய்தல் என்னும் இரு கலைகளின் உட்பொருள் முழுதும் அவ்வினாவில் அடங்கியிருத்தலால், அதற்குத் தக்க விடை காணுதல் பயனுடைத்து.

முதற்கண், சுயாதீன இசை என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். சுயாதீனம் என்னுஞ் சொல் தொடக்கத்தில் இசைத்தட்டின் உடைமையைக் குறித்தே எழுந்தது. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளே பாடகரைத் தெரிந்தெடுத்து, பாட்டைத் திருத்திப் பதிவு செய்து, கடைதோறும் அனுப்பிவந்த காலம் ஒன்றிருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துப் பஸ்கொக்ஸ் என்னுங் குழுவினர் அவ்வழியை விட்டு விலகினர். ஏறத்தாழ 500 பவுண் கடன் பெற்று, 1976 டிசெம்பரில் 4 பாட்டுக்களைப் பதிவு செய்து, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்னும் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை 1000 தட்டுக்களே. அவை விற்றுத் தீர்ந்தமை கண்ட பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். 1976 இல் இலண்டனில் ஒரு கடையாகத் தொடங்கிய 'ரஃப் ட்ரேட்', 1978 இல் இசைத்தட்டு நிறுவனமாகவும் ஆயிற்று. 1980 இல் இத்தகைய தட்டுக்களுக்கெனத் தனி விற்பனைப் பட்டியலே வெளிவரலாயிற்று. இதற்கிடையே, 1979 இல், நான்கு தடங்களிற் பதிவு செய்யத்தக்க சிறிய ஒலிநாடாக் கருவி விற்பனைக்கு வந்தது. அதன்பின், கலையகத்தின் வாயிற்படியை மிதியாமலே வீட்டறையிற் பாட்டை உருவாக்குதல் இயல்வதாயிற்று.

இவ்வழி ஈழத்தவர்க்குப் புதிதன்று. 1960களின் இறுதியிலும் 1970களிலும் ஈழத்திலே தமிழ்ப் பொப் இசை தோன்றித் தழைத்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷ் முதலியோர் திரைப்படத்தின் நிழலிலே ஒதுங்காது பாடினர். அக்காலத்திலே தமிழ் மெல்லிசை என்றால் சென்னைத் திரைப்படப் பாட்டே என்று பலரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் இவர்கள். அவர்தம் பாட்டுக்கள் மேடையிலும் வானொலியிலும் ஒலித்து, தீவுகள் வரையுஞ் சென்று சேர்ந்தன.

அப்பாட்டுக்கள் பலவற்றின் உயிர்நாடி பைலாத் தாளமாகும். போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசு அவர் கைப்பட்டது. அவரோடும், அவர் கொணர்ந்த ஆபிரிக்க மக்களோடும் வந்த ஆடற்பாட்டுக்கள் இந்நாட்டு இசையோடு கலந்ததன் பயனே பைலா. ஆறு எண்ணிக்கையில் துள்ளி நடப்பது அதன் இயல்பு. சிங்களப் பைலாவாக வழங்கிய 'சுராங்கனி'யை மனோகரன் தமிழும் சிங்களமும் விரவப் பாடிப் பரப்பினார். 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்த் திரைப்படத்திலும் அப்பாட்டு இடம்பெற்றது. திரையிசையைத் தேடி ஈழத்தவர் சென்றமை போக, ஈழத்துப் பாட்டைத் தேடித் திரையிசை வந்தது. சுயாதீனமாகப் பாடுதலால் விளையும் நன்மைக்கு இஃதொரு சான்று.

இனிப் பாட்டுக் கட்டும் முறையை நோக்குவோர்க்கு ஓருண்மை புலப்படும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' என்னும் பாட்டு, மருமகன் வினவ மாமி விடையிறுக்கும் உரையாடலாக அமைந்தது. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்பது குடிப்பவனை நோக்கி இரந்து கேட்கும் குரலாக அமைந்தது. இரண்டிலும் யார் பேசுகின்றார், யாரிடம் பேசுகின்றார் என்பது முதலடியிலேயே விளங்கிவிடுகின்றது. சொற்களும் வீட்டு முற்றத்திலும் ஒழுங்கையிலும் வழங்குஞ் சொற்களே. இம்முறை கூத்திலிருந்து பிறந்ததெனக் கூறுதல் மிகையாகலாம். எனினும், கூத்துப் பார்த்துப் பழகிய செவிக்கு அஃது அயலாகத் தோன்றாமைக்குக் காரணம் உண்டு. ஊர்காவற்றுறைப் பகுதியில் மெலிஞ்சிமுனை போன்ற கடலோரக் கிராமங்கள் கூத்தைப் போற்றிவந்தவை. அங்கே அரசனும் அமைச்சனும் தருவிலே வாதிடுவர். ஒருவர் பாட மற்றவர் மறுத்துப் பாடுவர். பிற்பாட்டுக்காரர் அவ்வடியை ஏற்று மீட்டும் பாடுவர். பாட்டிலே உரையாடலும், உரையாடலிலே தாளமும் அமைதல் அம்மக்களுக்குக் கைவந்த வழக்கமாகும்.

மேனாட்டுச் சுயாதீனக் குழுக்களின் பாட்டுக்களோ பெரும்பாலும் இவ்வாறு அமைவதில்லை. பாடுபவர் தம்முள்ளே பேசுவதுபோலப் பாடுவர். கதை தொடர்பாக வராது. ஒரு தெருவின் பெயர், ஒரு மழைநாள், பாதியில் நின்ற ஒரு சொல் எனத் துண்டு துண்டாக வரும். அவற்றை இணைத்துப் பொருள் கொள்ளும் பொறுப்பு கேட்பவரைச் சாருகின்றது. இது குறையா நிறையா என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்துடையரல்லர். கேட்பவரின் மனத்தை ஈடுபடுத்துதலால் அது நிறை என்பர் சிலர். பாடியவர்க்கே பொருள் தெரியாதபோது பிறர் எங்ஙனம் அறிவர் என்பர் வேறு சிலர். உண்மை, பாட்டுக்குப் பாட்டு வேறுபடும். துண்டுகளுக்கிடையே மறைந்து நிற்கும் ஒரு பட்டறிவு இருக்குமாயின், திரும்பத் திரும்பக் கேட்குந்தோறும் அது வெளிப்படும். அஃதில்லையேல், பத்துமுறை கேட்டபின்னும் பாட்டு வெறுமையாகவே நிற்கும்.

முதியவரின் வினா குரலைப் பற்றியதாகலின், குரற்பதிவைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். 1925 க்கு முன்னர், பாடகர் ஒரு பெரிய குழலின் வாயில் நின்று உரத்துப் பாட, அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்துத் தட்டிற் பள்ளம் வரைந்தது. மென்குரலுக்கு அங்கு இடமில்லை. 1925 இல் மின்முறைப் பதிவு வந்தது. அதே ஆண்டிலே கொழும்பில் வானொலி ஒலிபரப்பும் தொடங்கிற்று. ஒலிவாங்கி வந்தபின் முணுமுணுப்பும் பாட்டாயிற்று. ஆயிரம்பேர் கூடிய வெளியிற் பாடுவதுபோலப் பாடவேண்டிய தேவை ஒழிந்து, ஒருவர் காதோடு பாடுவதுபோலப் பாடுதல் இயன்றது. அன்றியும், ஒரு திசை ஒலியையே சிறப்பாக ஏற்கும் ஒலிவாங்கியை வாயருகே வைத்துப் பாடினால், குரலின் தாழ்ந்த ஒலிகள் தடித்துக் கேட்கும். வானொலி அறிவிப்பாளரின் குரல் நேரிற் கேட்பதினும் கனமாய் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, வாயைத் திறவாது பாடுதல் என்று முதியவர் கண்டது, ஒலிவாங்கி பிறப்பித்த ஒரு பாணியே ஆகும்.

சுயாதீனக் குழுக்களின் குரலைப் பற்றிப் பொதுவாகக் கூறப்படும் குறைகள் மூன்று. குரல் வளமில்லை என்பது ஒன்று. சொல் விளங்கவில்லை என்பது மற்றொன்று. பதிவு செம்மையாக இல்லை என்பது மூன்றாவது.

குரல் வளம் என்பதன் பொருள் இடத்துக்கிடம் மாறும். சங்கீத மேடையிலே சுருதி சுத்தமும் கமகமும் அளவுகோலாகும். கூத்துக் களரியிலே, விடியவிடியப் பாடியும் கம்மாத தொண்டையும், ஊரின் மறுகோடி வரை எட்டும் உச்சக்குரலுமே அளவுகோல். கடலிலே வலையிழுக்கும் அம்பாப் பாட்டிலே, இழுப்போர் கைகளை ஒருங்கே அசையச் செய்வதே அளவுகோல். அம்பாவில் முன்னவர் ஒருவர் அடியெடுப்பார். ஏனையோர் 'ஏலேலோ' என ஏற்பார். பலர் குரல்கள் நூலிழைபோற் சிறிது முன்பின்னாகவும், சுருதியிற் சிறிது மேல்கீழாகவும் வந்து கூடுதலால், அவ்வொலி கயிறுபோல் முறுகித் தடிக்கின்றது. மேனாட்டுக் கலையகங்கள் வெகு பாடுபட்டுப் பெற முயன்றது இத்தடிப்பையே. ஒரே பாடகரை அதே அடியை இருமுறை பாடச்செய்து, இரு பதிவுகளையும் ஒன்றன்மேலொன்றாக வைப்பர். இத்தொல்லையைத் தவிர்க்க, 1966 இல் இலண்டன் அபி றோட் கலையகத்திலே கென் ரவுன்சென்ட் என்னும் பொறியியலாளர், பீற்றில்ஸ் குழுவினரின் பதிவுகளுக்காக ஒரு வழி கண்டார். ஒரு பதிவினின்றே சிறிது பிந்திய மற்றொரு குரலைப் பொறி தானே உண்டாக்கும் வழி அது. பத்துப்பேர் சேர்ந்து பாடினால் இயல்பாக வருவதை ஒருவர் குரலிலிருந்து பெறுதற்கு இத்துணை முயற்சி வேண்டியிருந்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும், தந்தையின் வேட்டைக் குடிலிற் குளிர்காலத்தைக் கழித்த ஜஸ்ரின் வேர்னன் என்பவர், தம் குரலையே பலமுறை அடுக்கிப் பதிவு செய்தார். 'போன் ஈவேர்' என்னும் பெயரில் வெளிவந்த அப்பாட்டுக்கள் உலகெங்கும் புகழ்பெற்றன. தனித்திருந்த ஒருவர் தமக்குத் தாமே பிற்பாட்டுக்காரரான செய்தி இது.

சொல் விளங்காமை என்னும் இரண்டாங் குறை ஆழ்ந்து நோக்கற்பாலது. அமெரிக்காவின் ஆர். ஈ. எம். குழுவினர் 1983 இல் வெளியிட்ட 'மர்மர்' என்னுந் தொகுப்பிலே சொற்கள் தெளிவாகக் கேளா. அப்புகைமூட்டமே அதன் அழகென்று போற்றினாரும் உளர். 1991 இல் 'மை பிளடி வலன்ரைன்' குழுவினர் வெளியிட்ட 'லவ்லெஸ்' என்னுந் தொகுப்பிலே, குரல் கிற்றாரின் பேரொலிக்குள் அமிழ்த்தி வைக்கப்பட்டது. அங்கே குரலும் ஒரு வாத்தியமே. இவற்றைக் கேட்ட தமிழ் இளைஞர் தம் பாட்டிலும் குரலை அமிழ்த்த விரும்புதல் இயல்பு. ஆயினும், தமிழின் இயல்பு இங்கே குறுக்கிடுகின்றது.

தமிழிலே குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. 'கரை' என்பதன் முதலெழுத்தை நீட்டினாற் 'காரை' ஆகும். 'அலை' நீண்டால் 'ஆலை' ஆகும். லகரத்தை ளகரமாக மழுக்கினால் 'வலை', 'வளை' ஆகிவிடும். கடலைப் பாடவந்தவர் கட்டடத்தைப் பாடி முடித்த கதையாகும். எதிரொலியை மிகுத்தால், ஒரு குறிலின் வால் அடுத்த எழுத்தின்மேல் விழுந்து அதனை நெடிலாக்கிக் காட்டும். குரலின் மேலொலிகளைக் குறைத்தால், மெய்யெழுத்துக்களின் விளிம்பு தேய்ந்து, லகர ளகர வேற்றுமை மறையும். 1997 இல் வெளிவந்த சுருதி திருத்தும் கணினிப் பொறியை மட்டுமீறிப் பயன்படுத்தினால், அசைவுகள் படிக்கட்டுப்போல் வெட்டுண்டு, கமகமும் ஒப்பாரியின் விம்மலும் அழியும். இவையெல்லாம் ஆங்கிலப் பாட்டிற்கு அழகாயினும் ஆகலாம். தமிழ்ப் பாட்டிற்கு அவற்றை அளந்தே இடுதல் வேண்டும்.

இவ்வுண்மையை அம்பாப் பாட்டுக் கட்டியோர் நூல் கல்லாமலே அறிந்திருந்தனர். இழுவைக்கு நீண்ட ஓசை வேண்டும். அந்நீட்டத்தை அவர் பொருளுள்ள சொல்லின்மேல் ஏற்றவில்லை. 'ஏலேலோ' என்னும் பொருளற்ற அசைகளின்மேல் ஏற்றினர். பொருளுள்ள சொற்கள் பேச்சுநடையிலே விரைந்து வந்து, நீட்டவேண்டிய இடத்தில் அவ்வசைகள் நின்று ஒலித்தன. பாட்டுக் கட்டும் இளைஞர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. பெருநீட்டமும் எதிரொலியும் அசைகளுக்கு உரியன. செய்தி சொல்லும் அடிகளிற் குரல் முன்னின்று தெளிவாக ஒலித்தல் வேண்டும். 2017 இல் சென்னையிலே இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முயன்று உருவாக்கிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ரொக்கையும் ராப்பையும் இணைத்தனர். சாதிக் கொடுமையைச் சொல்லவந்த குழுவாகலின், எத்துணை வாத்தியம் முழங்கினும் சொல் மறையாதவாறு குரலை முன்னிறுத்தினர். இளமையில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, இலண்டனிற் புகழ்பெற்ற மாயா எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம், தந்தையின் இயக்கப் பெயராலே 'அருளர்' என்னுந் தொகுப்பை 2005 இல் வெளியிட்டபோது, குரலையே தாளமாக அறைந்து பாடினார். சொல்லவேண்டியது உள்ளவர் குரலை மறைப்பதில்லை என்பதற்கு இவை எடுத்துக்காட்டாம்.

பதிவு செம்மையின்மை என்னும் மூன்றாங் குறைக்கு விடை எளிது. கரடுமுரடு வேறு, கவனக்குறைவு வேறு. தீவகத்திலே பதிவு செய்வோர்க்குக் காற்றே முதற்பகை. சோழகம் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் வெளியில் வைத்த ஒலிவாங்கியிற் காற்றின் உறுமலே பதியும். ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இட்டு, காற்றுக்கு மறைவான இடத்திற் பாடச்செய்தல் வேண்டும். நெடுந்தீவின் பவளக்கல் மதில் காற்றைத் தடுக்கும். ஆயினும், வெறுஞ்சுவருக்கு மிக அருகில் நின்றால் ஒலி மோதித் திரும்பும். சீமெந்து அறையினும், பாய் விரித்து உடைகள் தொங்கும் ஓலைவீட்டறை குரற்பதிவுக்கு நன்று. கூத்துப் பாடிப் பழகியவரை ஒலிவாங்கியின் வாயருகே நிறுத்தினால் ஒலி சிதறும். ஓரிரு முழம் தள்ளி நிறுத்துதல் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கிலொன்றாகும் என்னுங் கணக்கை நினைவிற் கொண்டால், இடத்தை அளந்து நிறுத்தலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கென ஐயுறுவார்க்கு, இன்று தீவகத்தின் நிலையே விடை கூறும். இயந்திரப் படகு வந்தபின் துடுப்புப் பாட்டிற்கு வேலையில்லாது போயிற்று. 1990 ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் போர் காரணமாகத் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் வன்னிக்கும் கொழும்பிற்கும் கனடாவிற்கும் பிரான்சிற்கும் இங்கிலாந்திற்கும் சென்றனர். வீடுகள் பாழடைந்தால் மீண்டுங் கட்டலாம். தொழிலோடு கூடிப் பாடிய குழு கலைந்தால், முன்னவர் இருந்தும் ஏற்பவர் இல்லாத நிலை உண்டாகும். அம்பாவும் பழங்கூத்தின் தருவும் முழுமையாக அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவருள் ஒருவர் மறையும்போது, எழுத்திலில்லாத மெட்டுக்களும் அவருடன் மறைகின்றன.

எனவே, தீவகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இசைக்குழு தொடங்கும் இளைஞரிடம் இரு கடமைகள் உள்ளன. முதியவர் ஒருவரின் பாட்டைப் பதிவு செய்தால், எதிரொலியுஞ் சுருதித் திருத்தமுஞ் சேராத மூலப்பிரதி ஒன்றைத் தனியே பேணுதல் முதற்கடமை. அதன் மேற்படியை வைத்துக்கொண்டு கிற்றாரோடு கலக்கலாம், முழவோடு கலக்கலாம், விரும்பியவாறெல்லாம் புதுக்கலாம். மூலம் கெடாதிருப்பின் நாளை வருவோர் வேறுவகையிற் புதுக்குவர். பாடியவர் பெயரையும் ஊரையும் அவர் இசைவோடு பாட்டுடன் சேர்த்து வெளியிட்டு, ஊதியம் வருமாயின் அவர்க்கும் பங்களித்தல் இரண்டாங் கடமை. சுயாதீனம் என்பது உடைமை பற்றிய சொல் என்று மேலே கூறப்பட்டது. பெரிய கம்பெனி தம் பாட்டைப் பறித்தலாகாது என்று கருதும் குழுவினர், நயினாதீவிலோ அனலைதீவிலோ உள்ள ஒரு மூதாட்டியின் தாலாட்டைப் பெயரின்றி எடுத்தாளுதல் எவ்வாற்றானும் முறையாகாது.

குறிகட்டுவான் துறையில் அமர்ந்த முதியவரின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். அவ்விளைஞர் கேட்டது ஒலிவாங்கியின் காதோடு பாடிய பாட்டு. முதியவர் வாழ்நாளெல்லாம் கேட்டது கடலோடு போட்டியிட்டுப் பாடிய பாட்டு. இரண்டிற்கும் இடமுண்டு. படகு வருவதற்கு இன்னும் நேரமிருப்பின், இளைஞர் தம் கைத்தொலைபேசியின் பாட்டை நிறுத்திவிட்டு, "அப்பு, நீங்கள் அந்தக் காலத்தில் எப்படிப் பாடினீர்கள்? ஒருக்கால் பாடுங்கோ" என்று கேட்டு, அதே கருவியைப் பதிவுக்குத் திருப்பிப் பிடிப்பாராயின் நன்று. காற்றுக்கு முதுகு காட்டி அவரை அமர்த்துதல் வேண்டும். அவர் அடியெடுக்கும்போது, சுற்றியிருப்போர் ஏலேலோ என்று ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.